அந்த ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்

சீனாவில் மருத்துவம் படிக்க மாணவர்களை அனுப்பிவைக்கும் தமிழ்நாட்டுக் கல்வி முகவர்களுக்கு,

வணக்கம்.

கரூரைச் சேர்ந்த நான், துணி வணிகத்தின் பொருட்டு 11 ஆண்டுகளாகத் தென்சீனத்தின் குவாங்தொங் மாகாணத்தில் குடியிருக்கிறேன். கல்வித் துறைக்கும் எனக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் நான் இருக்கும் நகரத்தில் சீனம் பேசத் தெரிந்த தமிழர்கள் சிலரே என்பதால், இங்கே படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் என்றால் யாராவது என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். வங்கிக்கும் மருத்துவமனைக்கும் துணைக்கு அழைத்தவர்கள் உண்டு. ஆனால் நான் அதிகம் போய்வந்த இடம் காவல் நிலையம்தான். அங்கே போன ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றாகவே இருந்தது: வெளிநாட்டவர் தாம் தங்கும் முகவரியைக் காவல் துறையிடம் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிந்தும் பதியாமல் நாளைக் கடத்தியிருந்தார். சீனாவுக்கு விமானம் ஏறுவதற்கு முன்பு அந்தப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் வழிகேட்டு வந்து அமர்ந்த இடம் உங்கள் அலுவலகம் என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

சென்ற ஜூன் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். நாமக்கல் மாவட்டத்திலிருந்து வந்து மூன்றாம் ஆண்டு மருத்துவம் படிக்கும் மாணவர் ஒருவர், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், சமைத்துச் சாப்பிடலாம் என்று இரண்டு நண்பர்களுடன் பிப்ரவரியில் வெளியே வீடு எடுத்துக்கொண்டார். ஜூன் மாதம் தம் வசிப்பு அனுமதியைப் புதுப்பிப்பதற்காக நகரத்தின் குடிவரவு அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்தவர் கேட்ட முதல் தாள், காவல் நிலையம் கொடுக்கும் தங்குமிடப் பதிவுச் சீட்டு. இவர் விடுதியில் இருந்த காலத்துச் சீட்டை நீட்டினார். இப்போதும் அந்த முகவரியில்தான் இருக்கிறாயா என்று கேட்டதற்கு, பொய் சொல்லத் தெரியாத அந்தப் பையன், இல்லை என்று சொல்லிவிட்டார். புதிய வீடு இருக்கும் வட்டாரத்துக் காவல் நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு வரும்படி அனுப்பினார்கள். நான்கு மாதம் பதிவில்லாமல் குடியிருந்தது அங்கே வெளிப்பட்டது.

மாலை நான்கு மணி வாக்கில் எனக்கு அழைப்பு வந்தது. "அண்ணா, போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க. நான் ஒரு தப்பும் பண்ணலைண்ணா. அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்ணா." அந்தக் குரலில் இருந்த நடுக்கம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு முன்னால் ஒரு தாள் கோப்பையில் வெந்நீர் வைத்திருந்தார்கள். அவர் அதைத் தொடவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. எப்போது குடிவந்தார், ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்டு, அவர் சொன்னதை வாக்குமூலமாக எழுதி, கையெழுத்து வாங்கி, 500 யுவான் அபராதம் விதித்து, பதிவையும் செய்து கொடுத்து மூன்று மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். பணம் பெரிதில்லை. ஆனால் இருபது வயதுப் பிள்ளை ஒருவர், மொழி புரியாத ஒரு காவல் நிலையத்தில், தம் படிப்பே முடிந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்த நேரத்துக்கு ஈடு சொல்ல என்னால் முடியாது.

அன்று இரவு அவருடைய வீட்டில், முகவர் கொடுத்தனுப்பிய கோப்பை வாங்கிப் பார்த்தேன். சேர்க்கைக் கடிதம், விசாவுக்கான ஜேடபிள்யூ 202 படிவத்தின் நகல், மருத்துவப் பரிசோதனைத் தாள்கள், கட்டண ரசீதுகள் எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. என்னென்ன எடுத்துச்செல்ல வேண்டும் என்று மூன்று பக்கப் பட்டியல் ஒன்றும் இருந்தது. மூன்று லிட்டர் குக்கர், பருப்புப் பொடி, ஊறுகாய், கம்பளிக் காலுறை, தேங்காய் எண்ணெய், பாராசிட்டமால் மாத்திரை என்று ஒரு தாயின் அக்கறையோடு எழுதப்பட்ட பட்டியல் அது. அதை எழுதியவர் கெட்டவராக இருக்க முடியாது. ஆனால் அந்த மூன்று பக்கங்களிலும் காவல் நிலையப் பதிவு என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. அந்த முகவரின் பெயரையும் ஊரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. வேறு பல மாணவர்களின் கோப்புகளையும் பார்த்திருக்கிறேன், அவற்றிலும் அந்தச் சொல் இல்லை.

சட்டம் சொல்வது சிக்கலானது ஒன்றுமில்லை. 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள நாட்டை விட்டு வெளியேறுதல், நாட்டுக்குள் நுழைதல் ஆகியவை பற்றிய சீனாவின் நிர்வாகச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, வெளிநாட்டவர் ஒருவர் ஹோட்டலில் தங்கினால் அவருடைய விவரங்களை ஹோட்டலே காவல் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். ஹோட்டல் அல்லாத வேறு எந்த இடத்தில் தங்கினாலும், தங்கத் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் அவரோ அவரைத் தங்கவைத்தவரோ அந்த வட்டாரக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் எச்சரிக்கையும், 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்கலாம் என்று 76ஆம் பிரிவு சொல்கிறது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கடவுச்சீட்டு, அதில் விசாவும் நுழைவு முத்திரையும் உள்ள பக்கங்கள், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகலும் வீட்டுப் பத்திர நகலும் ஆகியவற்றைக் கேட்பார்கள். எல்லாம் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. ஷாங்காய் போன்ற நகரங்களில் இணையம் வழியாகவே செய்துகொள்ளும் வசதியும் இருக்கிறது. கடைசியில் கையில் கிடைப்பது ஒரே ஒரு தாள். சீனத்தில் அதற்கு 'லின்ஷி சூசூ தெங்ஜி பியாவ்' என்று பெயர், அதாவது தற்காலிகத் தங்குமிடப் பதிவுப் படிவம்.

மாணவரின் மற்ற எல்லாத் தாள்களுக்கும் அந்தத் தாளே அடித்தாளாக இருப்பதைத்தான் நீங்கள் பெற்றோருக்கு விளக்க வேண்டும் என்று கேட்கிறேன். நீண்ட காலப் படிப்புக்கான எக்ஸ்1 விசாவில் வருபவர், நாட்டுக்குள் நுழைந்த 30 நாட்களுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு பதிவுச் சீட்டையும் வைக்க வேண்டும். வசிப்பு அனுமதியைப் புதுப்பிப்பதற்கு, அது முடிவதற்கு 30 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு, அப்போதும் நடப்பு முகவரிக்கான சீட்டைக் கேட்பார்கள். சீட்டு இல்லாததால் விண்ணப்பம் தள்ளிப்போய், தள்ளிப்போனதால் அனுமதியின் நாள் கடந்துபோனால், அதற்குப் பெயர் சட்டவிரோதத் தங்கல். அதன் கடுமை வேறு. தவறு பெரிது என்று கருதினால் நாளொன்றுக்கு 500 யுவான் வீதம் 10,000 யுவான் வரை அபராதமோ, 5 முதல் 15 நாள் வரை காவலில் வைப்பதோ 78ஆம் பிரிவில் இருக்கிறது. அரை மணி நேர வேலையில் தொடங்கிய அலட்சியம் அந்த எல்லை வரை போகக்கூடியது.

நம் நாட்டின் விதி இந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு பக்கத்துச் சுவர். 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட ஒழுங்குவிதிகளின்படி, வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர் குறைந்தது 54 மாதப் படிப்பையும், 12 மாத உள்ளிருப்புப் பயிற்சியையும் அதே வெளிநாட்டுக் கல்வி நிலையத்திலேயே முடித்திருக்க வேண்டும். இங்கே அனுமதி போய்விட்டது, மீதியை வேறு நாட்டில் முடித்துக்கொள்கிறேன் என்று எளிதாகக் கிளம்ப இடமில்லை. இதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அறிந்தவர்கள் என்பதால்தான், வசிப்பு அனுமதிக்கு ஆதாரமான பதிவைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விடுவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

முதல் ஆண்டில் இந்தக் குறை தெரியாது. பல்கலைக்கழக விடுதியில் இருக்கும்வரை வெளிநாட்டு மாணவர் அலுவலகமே எல்லோருடைய கடவுச்சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு போய்ப் பதிவைச் செய்துவிடுவது பல இடங்களில் வழக்கம். பிள்ளைக்குத் தன் பெயரில் ஒரு பதிவு இருப்பதே தெரியாது. சேர்க்கை வேலைகளுள் ஏதோ ஒன்று முடிந்தது என்று நினைத்துக்கொள்வார். இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ அவர் விடுதியை விட்டு வெளியேறும் நாளில் அந்தப் பொறுப்பு சொல்லாமல் கொள்ளாமல் அவர் தலைக்கு மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் அவருக்கு அருகில் பல்கலைக்கழகமும் இருப்பதில்லை, நீங்களும் இருப்பதில்லை. அதனால்தான் ஊரிலிருந்து புறப்படும்போதே தாளில் எழுதிக் கொடுங்கள் என்கிறேன். வாயால் சொன்னது மூன்றாம் ஆண்டு வரை நினைவில் நிற்காது.

இனி நான் சொல்லப்போவது சட்டத்தில் இல்லாதது. என் அனுபவத்தில், விதியைத் தெரியாமல் மீறிய பிள்ளைகளைவிட, தெரிந்த பிறகும் போகாமல் நாளைக் கடத்திய பிள்ளைகளே அதிகம். ஏன் போகவில்லை என்று கேட்டால் சரியாகப் பதில் வராது. மெல்லப் பேச்சுக் கொடுத்தால் வெளிவரும்: "எங்க வீட்ல யாரும் ஸ்டேஷன் படி ஏறினதில்லைங்க." நானும் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன்தான். போலீஸ் ஸ்டேஷன் படி மிதிக்காத குடும்பம் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை. பெண் பார்க்கும் இடத்தில்கூட அதைச் சொல்லிக்கொள்வார்கள். காவல் நிலையம் என்றால் அடிதடி, நிலத்தகராறு, வழக்கு, அக்கம்பக்கத்தாரின் பேச்சு. அங்கே தானாகப் போய், நான் வெளிநாட்டுக்காரன், இன்ன வீட்டில் இருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்வது அந்தப் பிள்ளையின் வளர்ப்புக்கே எதிரானது போல அதற்குத் தோன்றுகிறது. பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். திருவண்ணாமலைப் பக்கத்து மாணவி ஒருவர், நிலையத்தின் வாசல் வரை இரண்டு முறை போய்விட்டு, உள்ளே நுழைய மனம் வராமல் திரும்பிவிட்டதாக என்னிடம் சொன்னார். மூன்றாம் முறை நானும் என் மனைவியும் கூடப் போனோம். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

சீனாவில் வட்டாரக் காவல் நிலையத்தை மக்கள் பார்க்கும் விதம் வேறு. அதற்கு 'பாய்ச்சூசுவோ' என்று பெயர். நம் ஊரில் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் போய் நிற்கும் வேலைகளில் பாதிக்கு இங்கே மக்கள் அந்த இடத்துக்குத்தான் போகிறார்கள். பிறந்த குழந்தையைக் குடும்பப் பதிவேட்டில் சேர்ப்பது, அடையாள அட்டை வாங்குவது, முகவரி மாற்றுவது எல்லாம் அங்கே. ஒவ்வொரு சீனக் குடிமகனும் எந்த ஊரின் பதிவில் இருக்கிறார் என்பதைக் காட்டும் 'ஹூகோவ்' முறை 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நடந்துவருகிறது. வேறு மாகாணத்திலிருந்து பிழைக்க வந்த சீனத் தொழிலாளியும் தாம் தங்கும் இடத்தைப் பதிவு செய்துகொண்டுதான் வசிப்பு அட்டை வாங்குகிறார். ஆகவே உங்கள் மாணவர் போய் நிற்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை; அன்றைக்கு வந்த நாற்பது முகவரிகளில் ஒன்றாகத்தான் பார்க்கிறார். இந்த முறை சரியா, மனிதரை இவ்வளவு கணக்கில் வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆனால் அது மருத்துவம் படிக்க வந்த பிள்ளை தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டிய கேள்வி இல்லை. பெற்றோரை உட்காரவைத்துப் பேசும்போது இதைச் சொல்லுங்கள். அங்கே காவல் நிலையத்துக்குப் போவது மானக்கேடு அல்ல, ரேஷன் அட்டைக்கு முகவரி மாற்றுவது போன்ற ஒரு வேலை என்று அப்பாவின் வாயாலேயே பிள்ளைக்குச் சொல்லவையுங்கள். அப்பா சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை வாசலிலிருந்து திரும்பாது.

நம் நாட்டிலும் இதே போன்ற முறை இருப்பதைச் சொன்னால் அவர்களுக்கு இன்னும் எளிதாக விளங்கும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தைத் தெரிவிப்பது நெடுங்காலமாக இந்தியாவில் இருந்துவரும் ஏற்பாடு. சென்னையில் ஒரு சீனரைத் தங்கவைக்கும் விடுதிக்கும், சீனாவில் நம் பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வீட்டுக்காரருக்கும் மணிக்கணக்கு ஒன்றுதான்.

வீட்டுக்காரர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பதிவு தவறுவதற்கு எல்லா நேரமும் மாணவர் காரணமாக இருப்பதில்லை. வாடகை வருமானம் கணக்கில் வந்துவிடும், வரி கட்ட நேரும் என்ற அச்சத்தில் சில வீட்டுக்காரர்கள் பத்திர நகலைக் கொடுக்க மறுக்கிறார்கள். போலீசுக்கெல்லாம் போக வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று அன்பாகவே சொல்கிறார்கள். உள்வாடகைக்கு விடுபவரிடம் பத்திரமே இருப்பதில்லை. முன்பணம் கொடுத்துவிட்ட பிறகு இதைக் கேட்கும் மாணவரிடம் பேசுவதற்கு ஒரு பலமும் மிஞ்சுவதில்லை. எனவே நீங்கள் கொடுக்கும் தாளில் முதல் வரியாக இதைப் போடுங்கள்: வீடு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், காவல் நிலையப் பதிவுக்கு நகல்கள் தருவீர்களா என்று கேள், இல்லை என்றால் முன்பணம் கொடுக்காதே. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அந்த நாமக்கல் மாணவர் அந்த வீட்டை எடுத்திருக்க மாட்டார். அவருடைய வீட்டுக்காரர் நான்கு மாதம் தட்டிக்கழித்தவர். அபராதத்தைக் கட்டியது மாணவர்.

பெயர் பற்றியும் எழுத வேண்டும், இது நமக்கே உரிய சிக்கல். குடும்பப் பெயர் இல்லாமல், தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு வாழ்பவர்கள் நாம். கடவுச்சீட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது, சிலருக்கு அங்கே அப்பா பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கிறது. பதிவு செய்பவர் ஒரு நாள் அப்பா பெயரை முன்னால் தட்டுகிறார், இன்னொரு நாள் வேறொருவர் அதைப் பின்னால் தட்டுகிறார், மூன்றாமவர் அதை விட்டேவிடுகிறார். ஒரே மாணவருக்கு மூன்று சீட்டுகளில் மூன்று விதமாகப் பெயர் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் அது போய் முட்டியது. சீட்டைக் கையில் வாங்கியதும், மேசையை விட்டு நகர்வதற்கு முன், பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதே சொன்னால் சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுப்பார்கள். மறுநாள் சொன்னால் அதற்கும் ஒரு விண்ணப்பம்.

ஒரு முறை பதிந்தால் போதும் என்ற எண்ணத்தையும் மாற்ற வேண்டும். வீடு மாறினால் புதிதாகப் பதிய வேண்டும். கடவுச்சீட்டோ விசாவோ வசிப்பு அனுமதியோ புதிதானால் பதிவிலும் அதை மாற்ற வேண்டும். பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினால் சில நகரங்களில் மறுபடியும் பதியச் சொல்கிறார்கள். சில நகரங்களில், வசிப்பு அனுமதி செல்லுபடியாகி அதே முகவரிக்குத் திரும்புபவருக்குத் தேவையில்லை என்கிறார்கள். இது ஊருக்கு ஊர் வேறுபடுவதால், முதல் முறை பதியும்போதே அந்த நிலையத்தில் கேட்டு எழுதிவைத்துக்கொள்வதுதான் வழி. 2020 தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பி, பெருந்தொற்றால் எல்லை மூடப்பட்டு இரண்டரை ஆண்டுக் காலம் திரும்பி வர முடியாமல் வீட்டிலிருந்தே இணைய வகுப்புக் கேட்ட மாணவர்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 ஆகஸ்டில் மீண்டும் மாணவர் விசா கொடுக்கத் தொடங்கியதும் வந்து சேர்ந்த அவர்களில் சிலர், பழைய சீட்டே இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டார்கள். அந்தச் சீட்டுகளில் இருந்த விசா எண்ணும் நுழைவுத் தேதியும் எப்போதோ காலாவதியாகியிருந்தன. இரண்டரை ஆண்டு வேதனைக்குப் பிறகு திரும்பி வந்த பிள்ளைகளை, வந்த முதல் மாதத்திலேயே காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லவைத்தது அந்தப் பழைய தாள்.

பெற்றோர் பார்க்க வரும்போதும் இதே விதிதான். மகனுக்குச் சமைத்துப் போட இரண்டு மாதம் வந்து தங்கும் அம்மாவும் வெளிநாட்டவரே. ஹோட்டலில் தங்காமல் மகனின் வாடகை வீட்டில் தங்கினால் அவருக்கும் 24 மணி நேரம்தான் கணக்கு. தேர்வு நேரத்தில் நண்பன் அறையில் ஒரு வாரம் தங்கிப் படிப்பதும் இதில் அடங்கும். பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். ஆனால் குடியிருப்புகளில் ஆய்வுக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டும்போது அறையில் இருப்பவர் எல்லோருடைய கடவுச்சீட்டையும் கேட்பார்கள். 16 வயது நிறைந்த வெளிநாட்டவர் கடவுச்சீட்டைத் தம்மோடு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு.

இதையெல்லாம் செய்ய வேண்டியது பல்கலைக்கழகம், எங்கள் வேலை சேர்க்கையோடு முடிந்தது என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். ஒருவர் என்னிடம் தொலைபேசியில் அப்படியே சொன்னார். பல்கலைக்கழகங்கள் சொல்லத்தான் செய்கின்றன. முதல் வார வரவேற்புக் கூட்டத்தில், பயணக் களைப்போடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம், சீன உச்சரிப்பில் வேகமான ஆங்கிலத்தில், நாற்பது அறிவுரைகளில் பதினேழாவதாகச் சொல்கின்றன. அது காதில் விழுந்ததாக எந்த மாணவரும் என்னிடம் சொன்னதில்லை. நீங்களோ தமிழில், பெற்றோரையும் வைத்துக்கொண்டு, அவர்கள் கேள்வி கேட்கும்படி, நாள்கணக்கில் பேசுகிறீர்கள். நுழைவுத் தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து விமானம் ஏறும் நாள் வரை அந்தக் குடும்பம் உங்கள் சொல்லைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறது. நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டிய தகப்பன்மாரை நான் இங்கே சந்தித்திருக்கிறேன். அவர்கள் உங்களிடம் கொடுத்த நம்பிக்கை சேர்க்கைக் கடிதத்தோடு முடிந்துவிட்டதாக அவர்கள் நினைக்கவில்லை.

நான் கேட்பது ஒரு தாள். முன்பக்கத்தில் தமிழில், மேலே சொன்னவற்றை எளிய வாக்கியங்களாக எழுதுங்கள். பின்பக்கத்தில் சீன எழுத்தில் மூன்று வாக்கியங்களை அச்சிடுங்கள்: நான் வெளிநாட்டு மாணவர், தங்குமிடப் பதிவு செய்ய வந்திருக்கிறேன்; தேவையான தாள்கள் எவை என்று எழுதிக் காட்டுங்கள்; ஊருக்குப் போய்த் திரும்பினால் மறுபடியும் பதிய வேண்டுமா? சீனத்தில் ஒரு சொல் தெரியாத பிள்ளையும் அந்தத் தாளை நீட்டினால் வேலை நடந்துவிடும். கூடவே 12367 என்ற எண்ணையும் போடுங்கள். சீனக் குடிவரவு நிர்வாகத்தின் தகவல் எண் அது, 24 மணி நேரமும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்கிறார்கள். பெய்ஜிங்கில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணும், ஷாங்காயிலும் குவாங்சோவிலும் உள்ள துணைத் தூதரகங்களின் எண்களும் அதில் இருக்கட்டும். தாளைப் படச்சட்டத்துக்குள் போட வேண்டியதில்லை. ஊறுகாய்ப் பட்டியலின் நான்காவது பக்கமாகச் சேர்த்தாலே போதும். ஆனால் கொடுக்கும்போது பெற்றோர் முன்னிலையில் ஒரு முறை வாசித்துக் காட்டி, பிள்ளையின் கைபேசியில் அதைப் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தாள் தயாரிக்க நேரமில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன். சீன வாக்கியங்களை இங்குள்ள நண்பர் ஒருவர் சரிபார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இதற்குப் பணம் எதுவும் வேண்டாம், உங்கள் நிறுவனத்தின் பெயரையே அதில் போட்டுக்கொள்ளலாம். செப்டம்பரில் வகுப்புகள் தொடங்குகின்றன. ஆகஸ்டு கடைசி வாரத்தில் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் பெட்டி கட்டுவதற்குள் இந்தத் தாள் அவர்கள் கைக்குப் போய்ச்சேர வேண்டும்.

இப்படிக்கு,
குவாங்தொங்கில் குடியிருக்கும் கரூர்க்காரன்